சிரித்தால் கால் துவளுகிறது

அன்பு மகள் ஃபெபிக்கு அப்பா எழுதுவது. ஆண்டவர் கிருபையில் நானும் அம்மாவும் ஒரு குறையுமில்லாமல் இருக்கிறோம், அங்கே நீயும் மாப்பிள்ளையும் சுகமாயிருக்க தினமும் ஜெபிக்கிறோம். போனில் பேசினால் தம்பி ஃபிரடி பக்கத்திலேயே இருக்கிறான், அதனால் எழுதி, குவைத்துக்குத் திரும்புகிற அமலாவிடம் கொடுத்தனுப்புகிறேன்.

அவனுக்கு என்ன ஆயிற்றென்று எனக்குப் பிடிபடவில்லை. ஆறு மாதமாகப் பகலெல்லாம் தூக்கம், சோற்றில் கை வைத்தபடியே கண் சொருகிவிடுகிறது. நைட் ஷிப்ட் அலுப்பென்று நினைத்தேன், ஷிப்ட் மாற்றியும் அப்படியேதான். போன மாதம் ஒரகடம் கம்பெனியில் லைனில் யாரோ சொன்ன ஜோக்குக்குச் சிரித்தவன் முழங்கால் துவண்டு கீழே உட்கார்ந்துவிட்டான். குடித்திருக்கிறான் என்று சூப்பர்வைசர் வீட்டுக்கு அனுப்பிவிட்டார். நானும் அதையே நம்பினேன். வாயை ஊதச் சொன்னேன், வாசனையே இல்லை, இருந்தும் அறைந்துவிட்டேன். இருபத்தாறு வயதுப் பிள்ளையை. குடிக்கவில்லை என்று மட்டும் சொன்னான்.

பக்கத்துக் கிளினிக்கில் முதலில் ரத்தசோகை என்றார்கள், பிறகு வலிப்பு என்றார்கள், எந்த மாத்திரைக்கும் கேட்கவில்லை. கடைசியில் ஸ்ரீபெரும்புதூரில் காந்திமதி டாக்டரிடம் கூட்டிப்போனேன். குறட்டை உண்டா, கண் அசரும்போது ஆள் நிற்பதுபோல் தெரிகிறதா, சிரித்தால்தான் கால் போகிறதா என்று பொறுமையாகக் கேட்டார். ஆள் தெரிகிறது என்று அவன் சொன்னதும் நான் ஜெபிக்கத் தொடங்கிவிட்டேன், அவரோ தலையாட்டி எழுதிக்கொண்டார். இது தூக்க வியாதியாக இருக்கலாம், உறுதிசெய்ய என்னால் ஆகாது, சென்னையில் தூக்கம் பார்க்கிற நரம்பு டாக்டரிடம் காட்டுங்கள் என்று கடிதம் கொடுத்தார். அதுவரை பைக் தொடக் கூடாது, மிஷின் பக்கம் போகக் கூடாதாம். அங்கே ராத்திரியும் மறுநாள் பகலும் தூங்கவைத்துப் பார்ப்பார்களாம். நாளெல்லாம் தூங்குகிறவனை இன்னும் தூங்கவைத்து என்ன பார்ப்பார்களோ. குணமாகுமா என்று கேட்டால் மருந்தால் சமாளிக்கலாம் என்கிறார். வேலை நிலைக்குமா, பெண் பார்க்கலாமா, யாரிடம் கேட்பது என்றே தெரியவில்லை.

வீட்டில் யாரும் சிரிப்பதில்லை. டிவியில் காமெடி வந்தால் அம்மா மாற்றிவிடுகிறாள். நேற்று சாயங்காலம் கட்டிலில் உட்கார்ந்திருந்தவன், "இன்னாப்பா, சாவு வூடு மாதிரி கீறீங்க. உக்காந்துகினுதான கீறேன், எதுனா சொல்லு" என்றான். டாக்டர் வீட்டு வாசலில் யாருடைய செருப்பையோ மாட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்டு வரை வந்துவிட்டதைச் சொன்னேன். சிரித்தான், தலை தொங்கி என் தோளில் சாய்ந்துவிட்டான். விழாமல் பிடித்துக்கொண்டு, அன்றைக்கு அறைந்தது தப்புடா என்று சொன்னேன். ஒரு நிமிடம் போல ஆகியிருக்கும், நிமிர்ந்து உட்கார்ந்து, "கேட்டுச்சுப்பா" என்றான்.

வியாழக்கிழமை சென்னைக்குப் போகிறோம், ஜெபித்துக்கொள். நீ போன் செய்தால் அவன் உட்கார்ந்திருக்கிறானா என்று கேட்டுவிட்டு எதையும் பேசு. வேளைக்குச் சாப்பிடு. கர்த்தர் உங்கள் இருவரையும் காப்பாராக.

உன் அப்பா,
ஏசுதாஸ்