மூன்றாம் காட்சியில் வரும் அக்கா

ஜூன் 3

அக்காவுக்கு,

நலமா? அத்தான் நலமா? நான்கு வருடம் கழித்து இப்படிக் கேட்பது எனக்கே கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் கேட்காமல் கடிதம் எழுதத் தெரியவில்லை.

நேராக விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் பள்ளி ஆசிரியர்களும் அக்கம்பக்கத்தில் ஆர்வம் உள்ளவர்களும் சேர்ந்து ஒரு நாடகக் குழு வைத்திருக்கிறோம். ஆகஸ்டில் நான் எழுதிய நாடகத்தைப் போடுகிறோம். உனக்குத் தெரிந்த கதைதான். நாடகக் கல்லூரியில் இடம் கிடைத்த கடிதத்தைத் தம்பியிடம் காட்டாமல் அக்கா தையல் மிஷின் டிராயரில் ஒளித்து வைக்கிறாள். பல வருடம் கழித்து, அப்பா இறந்தபின் வீட்டை ஒழிக்கும்போது தம்பி அதைக் கண்டெடுக்கிறான்.

பெயர் எதுவும் வைக்கவில்லை. இருந்தாலும் யாராவது உன் காதில் போடுவார்கள். அதற்குள் நானே சொல்லிவிடுவதுதான் முறை என்று என் மனைவி சொன்னாள். பிரதி இத்துடன் இருக்கிறது. படித்தே ஆகவேண்டும் என்றில்லை.

இப்படிக்கு,
தம்பி

ஜூன் 11

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே எல்லோரும் நலம். அத்தானுக்கு மட்டும் முட்டிவலி. மாடி ஏறும்போதெல்லாம், மூன்றாவது மாடியில் வீடு பார்த்தது நான்தான் என்பது அவருக்கு ஞாபகம் வந்துவிடும்.

இரண்டு முறை படித்தேன். முதல் முறை கோபத்தோடு. இரண்டாம் முறை கோர்ட் வராந்தாவில், மதிய இடைவேளையில், பென்சிலோடு. பதினைந்து வருடமாக ஜட்ஜ் முன்னால் உட்கார்ந்து இரண்டு தரப்பும் பேசுவதைச் சுருக்கெழுத்தில் எடுக்கிறவள் நான். அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. உன் நாடகத்தில் ஒரு தரப்புதான் இருக்கிறது.

அந்தத் தம்பி நல்லவன். அழகாகப் பேசுகிறான், ஜன்னல் வழியே வானம் பார்க்கிறான். ஐந்து காட்சியில் ஒரு தடவைகூடச் சாப்பிட்ட தட்டைக் கழுவவில்லை. அக்காவோ வரும்போதே முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வருகிறாள். மூன்றாம் காட்சியில் கடிதத்தைப் பிரித்துப் படித்துவிட்டுச் சிரிக்கிறாள். போதாததற்கு இருமல் வேறு. கெட்டவர்களுக்கெல்லாம் இருமல் வரும் என்று எந்த டாக்டர் சொன்னார்?

அவள் செய்தது தப்பு. அதை மாற்றச் சொல்லவில்லை. அவளை நல்லவளாக்கவும் வேண்டாம். ஆனால் கூண்டில் வந்து நிற்கிற திருடன்கூட ஏதோ ஒன்று வேண்டும் என்றுதானே திருடியிருப்பான்? இவளுக்கு என்ன வேண்டும்? பிரதி முழுக்கத் தேடினேன். 'பொறாமை' என்று தம்பி சொல்கிறான். அவள் எதுவும் சொல்லவில்லை. அவளை யாரும் கேட்கவும் இல்லை.

எழுத்துப்பிழை ஏழெட்டு இருந்தது, திருத்தியிருக்கிறேன். வாத்தியார் இப்படி எழுதலாமா?

அக்கா

ஜூன் 20

அன்புள்ள அக்கா,

உன் பென்சில் குறிப்புகளைப் பார்த்ததும் எரிச்சல்தான் வந்தது. நாயகனுக்கு ஓர் ஆசை, குறுக்கே ஓர் ஆள், இரண்டும் மோதினால் நாடகம் என்றுதான் வகுப்பில் சொல்லிக்கொடுக்கிறேன். குறுக்கே நிற்பவளின் மனசுக்குள் புகுந்தால் நாயகன் நீர்த்துப்போவான் என்று உனக்கு நான்கு பக்கம் எழுதினேன். நல்லவேளை, அனுப்பவில்லை.

சனிக்கிழமை ஒத்திகை. அக்காவாக நடிப்பவர் எங்கள் தெருமுனைப் பல் டாக்டரம்மா. மூன்றாம் காட்சியின் நடுவில் நின்றுவிட்டார்.

"சார், இவ ஏன் லெட்டரைக் கிழிச்சுப் போடல?"

"ஒளிச்சு வைக்கிறா, டாக்டர்."

"கெடுக்கணும்னா கிழிச்சிருப்பா. பத்திரமா வைக்கிறான்னா, குடுக்கணும்னு ஒரு நினைப்பு இருந்திருக்கு. என்னைக்குக் குடுக்கலாம்னு இருந்தா?"

எல்லோரையும் டீ குடிக்க அனுப்பிவிட்டேன்.

வீட்டுக்கு நடந்து வரும்போது இன்னொன்று உறைத்தது. அன்று டிராயரில் இருந்து எடுத்தபோது உறை ஒட்டியபடியேதான் இருந்தது. பிரித்தது நான். நாடகத்தில் நீ உறையைப் பிரிப்பதாக எழுதியிருக்கிறேன், அப்படி மாற்றினோம் என்றே தெரியாமல்.

இந்த நான்கு வருடத்தில் மனசுக்குள் உன்னைத் திட்டியிருக்கிறேன், பேசாமல் இருந்திருக்கிறேன். ஒரு தடவை கேட்டதில்லை. இப்போது கேட்கிறேன். ஏன் அக்கா?

தம்பி

ஜூன் 29

அன்புள்ள தம்பிக்கு,

கேட்டுவிட்டாய். சொல்கிறேன்.

அப்பாவுக்கு மறதி என்று எல்லோருக்கும் தெரிந்தது, உன் கடிதம் வந்ததற்கு அடுத்த வருடம்தான். எனக்கு முன்பே தெரியும். அடுப்பைப் பற்றவைத்துவிட்டு வெளியே கிளம்பிவிடுவார். ஒருநாள் நான் கதவைத் திறந்தபோது "யாரும்மா வேணும்?" என்றார். கேட்டுவிட்டு அவரே சிரித்தார். நானும் சிரித்து மழுப்பினேன். உன்னிடம் சொல்லவில்லை.

கோர்ட் வேலைக்கான தேர்வு அந்த மாதம் பதினைந்தாம் தேதி. எனக்கு அது மூன்றாவது தடவை, அதற்குமேல் எழுத முடியாது. உன் கடிதம் வந்தது நான்காம் தேதி. உறைமேல் கல்லூரி முத்திரையைப் பார்த்ததுமே புரிந்துவிட்டது. கொடுத்தால் இரண்டே நாளில் பெட்டி கட்டிவிடுவாய். அப்பாவை யாரிடம் விட்டுவிட்டு நான் தேர்வுக்குப் போவது? பதினைந்தாம் தேதி சாயங்காலம் கொடுக்கலாம் என்று எடுத்து வைத்தேன். டாக்டரம்மாவிடம் சொல், அந்த நாள்தான்.

அடுத்தவர் கடிதத்தைப் பிரிப்பது மரியாதை இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பொய். பிரித்தால் கல்லூரியில் சேரக் கடைசித் தேதி தெரிந்துவிடும். தெரிந்தால் கொடுத்தாக வேண்டும். உன்னைக் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பாய். கேட்கவில்லை.

பதின்மூன்றாம் தேதி சாப்பிடும்போது நீயே சொன்னாய்: "நேத்தோட கடைசி நாள் முடிஞ்சுது. என்னை எடுக்கல போல." சொல்லிவிட்டுத் தண்ணீர் குடித்தாய். அதற்குப் பிறகு எப்படிக் கொடுப்பது?

தேர்வில் தேறினேன். இன்றுவரை அந்த நாற்காலியில்தான் உட்கார்ந்திருக்கிறேன். பொறாமை இல்லை, தம்பி. ஆனால் பொறாமையைவிட உயர்ந்த காரணமும் இல்லை. எனக்கு அந்த வேலை வேண்டியிருந்தது. உனக்குத் தெரியாமல் அப்பாவுக்கு உன்னைக் காவல் வைத்துவிட்டு அதை வாங்கிக்கொண்டேன்.

அக்கா

ஜூலை 8

அன்புள்ள அக்கா,

உன் கடிதத்தை மூன்று நாள் சட்டைப்பையிலேயே வைத்துக்கொண்டு சுற்றினேன். கோபம் வந்தது, போனது. பிறகு ஒரு ஞாபகம் வந்து உட்கார்ந்தது, அது போகவே மாட்டேன் என்கிறது.

அதே வருடம், உன் தேர்வுக்கு இரண்டு மாதம் முன்னால், மார்க்கெட் பஸ் நிறுத்தத்தில் அப்பாவைப் பார்த்தேன். டிரைவர் வேலையில் இருந்து ஓய்வு பெற்று ஒரு வருடம் ஆகியிருந்தது. மனிதர் காக்கி யூனிஃபார்மைப் போட்டுக்கொண்டு நிற்கிறார். "டியூட்டிக்கு லேட்டாயிடுச்சுப்பா" என்றார். கையைப் பிடித்து வீட்டுக்குக் கூட்டிவந்து, சட்டையை மாற்றிவிட்டு, யூனிஃபார்மை மடித்துப் பெட்டிக்கு அடியில் வைத்தேன். உன்னிடம் சொல்லவில்லை. சொன்னால் உட்கார்ந்து பேசுவோம், பேசினால் நான் ஊரைவிட்டுப் போக முடியாது. எனக்கு அது நன்றாகத் தெரிந்திருந்தது.

நீ ஒளித்தது காகிதத்தை. நான் ஒளித்தது அப்பாவை. இவ்வளவு நாளும் என் பங்கை மறந்தே இருந்திருக்கிறேன்.

இப்போது நாடகத்தில் இரண்டும் இருக்கிறது. புதுப் பிரதியைப் படித்துவிட்டு டாக்டரம்மா, "இப்பதான் சார் எனக்கு மேடையில வேலையே இருக்கு" என்றார். இருமலை எடுத்துவிட்டேன். தம்பியாக நடிக்கும் கணக்கு வாத்தியாருக்குத்தான் வருத்தம். "என்னைக் கெட்டவனாக்கிட்டீங்களே" என்றார். "இல்ல சார், இப்பதான் நீங்க ஒரு மனுஷன்" என்றேன். நம்பவில்லை.

அந்தக் கல்லூரிக்குப் போயிருந்தால் என்ன ஆகியிருப்பேன் என்று இனி யோசிப்பதாக இல்லை. வகுப்பு, வீடு, மகளின் கேள்விகள், சனிக்கிழமை ஒத்திகை என்று இருக்கிற வாழ்க்கை எனக்குப் பிடித்திருக்கிறது. இதை உன்னிடம் சொல்ல வேண்டும் போல இருந்தது.

நாடகம் ஆகஸ்ட் 16, மாலை ஐந்து மணி. மூன்றாம் வரிசையில் இரண்டு நாற்காலி ஒதுக்கி வைக்கிறேன். வர முடியாவிட்டாலும் புரிந்துகொள்வேன்.

தம்பி

ஆகஸ்ட் 17

அன்புள்ள தம்பிக்கு,

நேற்று வந்திருந்தோம். மூன்றாம் வரிசை காலியாக இருந்ததைப் பார்த்து நீ என்ன நினைத்தாயோ. திரைக்குப் பின்னால் இருந்து என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பாய் என்று தோன்றியது, அதனால் கடைசி வரிசைக்குப் போய்விட்டோம்.

அப்பாவாக நடித்தவர் சும்மா உட்கார்ந்திருக்கும்போதும் ஸ்டியரிங் பிடித்த மாதிரியே கையை வைத்திருந்தார். "மாமா இப்படித்தான் வச்சிருப்பாரு" என்று அத்தான் என் காதில் சொன்னார்.

முடிந்ததும் உன்னைப் பார்க்கத்தான் எழுந்தேன். உன்னைச் சுற்றி ஆட்கள் நின்று கைகொடுத்துக்கொண்டிருந்தார்கள். கூட்டத்தில் நின்று பேசுகிற பேச்சா நம் பேச்சு? ஞாயிற்றுக்கிழமை மதியம் மூன்று பேரும் சாப்பிட வந்துவிடுங்கள். வேறு வேலை இருக்கிறது என்று சொல்லாதே.

ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். என் பக்கத்து நாற்காலியில் முன்பின் தெரியாத ஓர் அம்மா. அக்கா கடிதத்தை டிராயரில் வைத்தபோது "பாவி" என்றார். தம்பி அப்பாவைக் கூட்டிவந்து வாயைத் திறக்காமல் நின்றபோது "இவன் மட்டும் என்ன" என்றார். கடைசியில் இரண்டு பேரும் ஒரே அறையில் ஆளுக்கொரு பக்கம் திரும்பி நின்றபோது, கைக்குட்டையை எடுத்துக்கொண்டு "ரெண்டும் பாவம்" என்றார்.

விளக்குப் போட்டதும் என் பக்கம் திரும்பி, "அதுக்கப்புறம் ரெண்டு பேரும் பேசிக்கிட்டாங்களா இல்லையா, அதைச் சொல்லாம விட்டுட்டாங்களே" என்று குறைபட்டுக்கொண்டார்.

"பேசிக்கிட்டாங்க" என்றேன்.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"எழுதினது என் தம்பி."

நான்கு வருடமாக யார் கேட்டாலும், கூடப் பிறந்தவர்கள் பேச்சு வந்தாலே, வேறு பேச்சுக்கு மாறிவிடுவேன். நேற்று அந்த அம்மா கேட்காமலே இன்னொரு தடவையும் "என் தம்பி" என்று சொன்னேன்.

உன்,
அக்கா