குனிந்து நுழைகிறவன்

ஜூன் 9, திங்கள்

ஆஸ்பத்திரியிலிருந்து வந்து ஒரு வாரம் ஆகிறது. தினமும் ஏதாவது எழுதினால் ஞாபகம் திரும்ப உதவும் என்றார் டாக்டர். எழுதுகிறேன்.

குளியலறையில் வழுக்கி விழுந்து தலையில் அடியாம். நான் வானிலை நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவனாம். அது உண்மையாக இருக்கலாம். பால்கனியில் நின்று அண்ணாந்தால் மேகங்களின் பெயர்கள் தாமாக வருகின்றன. பக்கத்தில் நின்று காப்பி நீட்டுகிற பெண்ணின் பெயர்தான் வருவதில்லை.

அவள் என் மகளாம். கூட இருப்பவர் மருமகனாம். சுவரில் படமாக இருப்பவள் என் மனைவியாம்; பத்து வருடத்துக்கு முன்பே காய்ச்சலில் போய்விட்டாளாம். எல்லாமே 'ஆம்'தான். என்ன செய்ய? கண்ணால் பார்க்காததைப் பார்த்ததாக எழுதி எனக்குப் பழக்கமில்லை. இந்தப் பழக்கம் மட்டும் எப்படித் தங்கியது என்று தெரியவில்லை.

ஜூன் 11, புதன்

ஒரு சிறிய விஷயம். சமையலறைக்குள் நுழையும்போதெல்லாம் தலையைக் குனிகிறேன். வாசலின் மேல்கட்டை என் தலைக்கு மேலே ஒரு முழம் உயரத்தில் இருக்கிறது. பின் எதற்குக் குனிவது?

மருமகன் பார்த்துவிட்டார். "என்ன மாமா, உள்ள யாருக்கு வணக்கம் வைக்கிறீங்க? அங்க குக்கர் மட்டுந்தான் இருக்கு."

நானும் சிரித்துவைத்தேன். மகள் சிரிக்கவில்லை. வெங்காயத்தை நறுக்கிக்கொண்டிருந்தவள் அப்படியே நிறுத்திவிட்டாள்.

"இது எவ்வளவு நாளா நம்ம வீடும்மா?" என்று கேட்டேன்.

"நான் பொறந்து வளர்ந்ததே இங்கதாம்பா."

கேள்வி முடிவதற்குள் பதில் வந்துவிட்டது.

ஜூன் 12, வியாழன்

இன்றும் குனிந்தேன்.

ஜூன் 14, சனி

லிஃப்டில் மேல்மாடிப் பெண்மணி ஒருவர் என்னைப் பார்த்து, "புதுசா குடிவந்தவங்கதானே? பால்கனியில நின்னு வானத்தையே பார்ப்பீங்களே!" என்றார்.

மகள் என் முழங்கையைப் பிடித்து வெளியே இழுத்துவந்தாள். "அந்தம்மாவுக்குக் கொஞ்சம் மறதிப்பா. கண்டுக்காதீங்க."

மறதி என்ன, இந்தக் கட்டடத்தில் ஒட்டுவாரொட்டியா?

ஜூன் 15, ஞாயிறு

அவர்கள் கடைக்குப் போன நேரத்தில் மனைவியின் படத்தைக் கழற்றிப் பார்த்தேன். பத்து வருடம் ஒரே இடத்தில் தொங்கிய படத்துக்குப் பின்னால் சுவரின் நிறம் மாறியிருக்க வேண்டும். மாறவில்லை. ஆணியைச் சுற்றி உதிர்ந்த சுண்ணாம்புகூட இன்னும் வெள்ளையாக இருந்தது.

படத்தைத் திரும்ப மாட்டினேன். ஒரு பக்கம் சாய்ந்துவிட்டதோ என்று மூன்று தடவை எழுந்து போய்ப் பார்த்தேன். வேவு பார்க்கிற வேலைக்கு நான் லாயக்கில்லை.

ஒருவேளை புதிதாக வெள்ளையடித்திருப்பார்களோ? என் மூளையே அடிபட்டது. அதன் சாட்சியத்தை நான் எவ்வளவு தூரம் நம்பலாம்?

ஜூன் 17, செவ்வாய்

காலையில் நானே காப்பி போட்டேன். இரண்டு டம்ளரில் ஊற்றியிருந்தேன்.

"யாருக்குப்பா இன்னொண்ணு?" என்றாள்.

தெரியவில்லை என்றேன். அவள் குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டாள். தண்ணீர் விழும் சத்தம் வெகுநேரம் கேட்டது. வெளியே வந்தபோது தலை நனைந்திருக்கவில்லை.

பத்து வருடத்துக்கு முன் போனவளுக்குக் கை இன்னமும் காப்பி ஊற்றுமா? கைக்கு மட்டும் யாரும் சொல்லவில்லையா?

ஜூன் 18, புதன்

நான் தூங்குவதாக நினைத்துப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"எத்தனை நாளைக்கு இப்படியே ஓட்டுவ? அவருக்குத் தெரியாமலா போயிடும்?" இது மருமகன்.

"தெரியறப்ப தெரியட்டும். இப்ப வாயத் திறந்தீங்க, அவ்வளவுதான்."

யார் இவங்க? என்னை என்ன பண்ணப் போறாங்க? மாத்திரையில ஏதாவது இருக்கா?— மத்தியான மாத்திரையை நாக்குக்கு அடியில் ஒளித்துவைத்தேன். துப்பலாம் என்று. அவள் எதிரிலேயே உட்கார்ந்து பேச்சுக் கொடுத்தாள். கசப்பு தாங்காமல் கடைசியில் விழுங்கிவிட்டேன். கண்ணில் நீர் வந்ததைப் பார்த்து, "என்னப்பா, தலை வலிக்குதா?" என்று நெற்றியைத் தொட்டாள். என்ன நடிப்பு! நடிப்புத்தானா?

ஜூன் 20, வெள்ளி

நிதானமாக யோசித்தேன். பறித்துக்கொள்ள என்னிடம் என்ன இருக்கிறது? மூக்குக்கண்ணாடியும் பல்செட்டும். அப்படியானால் அவர்களுக்கு வேண்டியது நானேதானோ? அப்பாவைப் பறிகொடுத்த ஒருத்தி, ஆஸ்பத்திரியில் கேட்பாரற்றுக் கிடந்த கிழவனைக் கூட்டிவந்து அப்பா என்று வைத்துக்கொண்டாளா?

அப்படியென்றால், தாழ்ந்த சமையலறை வாசல் உள்ள ஒரு வீடு எங்கேயோ இருக்கிறது. அங்கே யாரோ என்னைத் தேடிக்கொண்டிருக்கிறார்கள். என் பங்குக் காப்பியும் ஆறிக்கொண்டிருக்கிறது.

தெருமுனையில் போலீஸ் ஸ்டேஷன் உண்டு. போய் என்ன சொல்வேன்? 'ஐயா, நான் நானில்லை' என்றா? சிரிப்பார்கள். சிரிக்கட்டும். மருமகன் வேலைக்குப் போனதும் நாளைக்குக் கிளம்பிவிட வேண்டியதுதான்.

ஜூன் 21, சனி

நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

இரண்டு சட்டையைப் பையில் வைத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தேன். செருப்பு மாட்டும் நேரத்தில் அவள் சமையலறையிலிருந்து வெளியே வந்தாள். இரண்டு கையிலும் துணி, நடுவில் ஆவி பறக்கும் பாத்திரம். கண் பாத்திரத்தின் மேலேயே இருந்தது. வாசலுக்கு வந்ததும் வலது காலை உயரத் தூக்கி, எதையோ தாண்டி, இந்தப் பக்கம் வைத்தாள்.

அங்கே தாண்ட ஒன்றுமில்லை. தரை வழவழவென்று ஒரே மட்டம்.

"பை எதுக்குப்பா?" பாத்திரத்தைப் பிடித்தபடியே நின்றாள். "எங்க கிளம்பிட்டீங்க?"

"அதைக் கீழ வச்சுட்டு, மறுபடி ஒருதரம் உள்ள போம்மா."

"எதுக்கு?"

"போயேன்."

போனாள். கால் மறுபடி உயர்ந்தது. அவளுக்கே அது தெரியவில்லை.

பையை வைத்துவிட்டு நானும் போனேன். இத்தனை நாளும் என் தலையை மட்டுமே கவனித்திருக்கிறேன். என் காலும் தூக்கித்தான் வைத்தது, அவள் தூக்கிய அதே உயரத்துக்கு. உள்ளே நின்று அவள் அதைப் பார்த்தாள். வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அந்த வீட்டு வாசப்படி எவ்வளவு உயரம்?" என்றேன்.

முழங்காலுக்குச் சற்றுக் கீழே கையை வைத்துக் காட்டினாள். "அது மேல உட்கார்ந்துதாம்பா நான் சாப்பிடுவேன். வழிய விட்டுத் தொலைடின்னு அம்மா கத்தும். நீங்க மேல இடிச்சுக்குவீங்க, நான் கீழ தடுக்கி விழுவேன். வீடா இது, பொறியான்னு அம்மா திட்டும்."

அப்புறம் எல்லாவற்றையும் சொன்னாள். அம்மா போனது பத்து வருடத்துக்கு முன்பில்லை, இந்த ஏப்ரலில்தான். காற்றடித்த ஒரு காலையில் கொல்லைப்புறத்துப் பெரிய மரம் சமையலறை மேல் சாய்ந்தது. உள்ளே நானும் அவள் அம்மாவும் காப்பி குடித்துக்கொண்டிருந்தோம். என்னை மட்டும்தான் உயிரோடு எடுக்க முடிந்தது.

"எல்லாத்தையும் ஒரேயடியா சொல்லாதீங்கன்னு டாக்டர் சொன்னாரு. ஒரு பொய் சொன்னேன். அதைக் காப்பாத்த வீட்டையே பொய்யாக்கிட்டேன்."

எனக்கு எதுவும் ஞாபகம் வரவில்லை. அழுகையும் வரவில்லை. முகம் தெரியாதவளுக்காக எப்படி அழுவது? "அழாதடி கண்ணு" என்று மட்டும் சொன்னேன். அப்படிக் கூப்பிடுவேன் என்று எனக்கு யாரும் சொல்லித்தந்திருக்கவில்லை.

இவள் என் மகள். இது கேள்விப்பட்டதல்ல, பார்த்தது.

ஜூன் 22, ஞாயிறு

இன்றும் இரண்டு டம்ளர். இன்னொன்றை அவள் எடுத்துக்கொண்டாள். "சர்க்கரை ரொம்பத் தூக்கல்" என்று முகத்தைச் சுளித்தாள். பிறகு, "அம்மாவுக்கு இப்படித்தான் வேணும்" என்று சொட்டு மீதியில்லாமல் குடித்தாள்.

ஜூலை 30, புதன்

காலையில் தண்ணீர் குடிக்கச் சமையலறைக்குப் போனேன். உள்ளே போன பிறகுதான் உறைத்தது: தலையைக் குனியவில்லை, காலையும் தூக்கவில்லை.

டம்ளரை வைத்தேன். வெளியே வந்து, குனிந்து, காலைத் தூக்கி வைத்து, மறுபடி நுழைந்தேன்.