வலக்கைக்கு மாறிய வாட்ச்

இன்று காலை தஞ்சாவூர் ஸ்டேஷன் வாசலில் பூக்காரம்மா மரிக்கொழுந்துக் கட்டைப் பிரித்துத் தண்ணீர் தெளித்தார். அந்த வாசனைக்கு என் கால் நின்றுவிட்டது. பின்னால் நீங்கள் வருவதாக நினைத்துத் திரும்பிப் பார்த்தேன். நீங்கள் போய் இரண்டு வருஷம் ஆகிறது. இன்னும் திரும்பிப் பார்க்கிறேன்.

பூதலூரில் தினமும் ஒரே பெட்டியில் ஏறுவோம். நான் பள்ளிக்கூடத்துக்கு, நீங்கள் கோர்ட்டில் டைப்பிஸ்ட் வேலைக்கு. பெட்டி முழுக்க மல்லிகையும் கனகாம்பரமுமாக இருக்க, உங்கள் கொண்டையில் மட்டும் ஒரு கிள்ளு மரிக்கொழுந்து. கஞ்சி போட்ட பருத்திப் புடவை. இடது கையில், ஆண்கள் கட்டுகிற பெரிய வாட்ச். மூன்று மாதம் வெறுமனே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, ஒருநாள் உங்கள் புடவைக் கட்டு அழகாக இருக்கிறது என்றேன். "பாக்குறதுக்கு ஒரு ஆள் இருந்தாத்தான் டீச்சர், கட்டவே தோணுது" என்று சிரித்தீர்கள்.

அதன்பிறகு இருவரும் சேர்ந்தே பார்த்தோம். ஆலக்குடிப் பக்கம் நடவு வயலில் ஒருத்தி, புடவைமேல் ஆண்பிள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வரப்பில் நின்றாள். "காலரை எப்படி மடிச்சு விட்டிருக்கா பாருங்க" என்று என் முழங்கையை இடித்தீர்கள். சேற்றில் நிற்கிறவளிடமும் அழகை நீங்கள் கண்டுபிடித்தீர்கள்.

தை அறுவடை சமயம் ஒரு மாதம் உங்களைக் காணவில்லை. தங்கச்சி வீட்டுக்குப் போயிருந்ததாகச் சொன்னீர்கள். வாட்ச் வலது கைக்கு மாறியிருந்தது. முந்தானையை இரண்டு தோளையும் மூடிப் போர்த்தியிருந்தீர்கள். இதுவும் உங்களுக்கு அழகாகத்தான் இருக்கிறது என்றேன். நீங்கள் ஜன்னல் பக்கம் திரும்பி, அறுத்த வயலைப் பார்த்துக்கொண்டு வந்தீர்கள்.

அடுத்த திங்கட்கிழமை நானும் அப்படியே போர்த்திக்கொண்டு, வாட்சை வலது கையில் கட்டிக்கொண்டு வந்தேன். உங்கள் முகம் வெளிறிப்போனது. என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டீர்கள்.

"ஏன் டீச்சர் கை மாத்துனீங்க?"

"சும்மாதான்" என்றேன்.

பார்த்துக் காப்பியடித்தவள் பிடிபட்ட வெட்கம் எனக்கு. உங்களுக்கு அது பிடிக்கவில்லை என்று எண்ணி மறுநாளிலிருந்து வேறு பெட்டியில் ஏறினேன். நீங்கள் பிளாட்பாரத்தில் ஒவ்வொரு ஜன்னலாக எட்டிப் பார்த்துக்கொண்டு நடந்ததைப் பார்த்தேன். குனிந்து பையில் எதையோ தேடுவதுபோல் இருந்துவிட்டேன். ஆடியில் ஆற்றில் தண்ணீர் வந்தபோது நீங்கள் ரயிலுக்கு வருவது நின்றிருந்தது.

காரியம் முடிந்த பிறகுதான் நீங்கள் போனது எனக்குத் தெரிந்தது. உங்கள் வீட்டுக் கதவைத் திறந்த தங்கச்சி, என் முகத்தைப் பார்ப்பதற்கு முன் என் கையைப் பார்த்தார்.

"ரயில் டீச்சர் நீங்கதானே? உங்களுக்கு ஒண்ணும் இல்லையே?"

எனக்குப் புரியவில்லை. உள்ளே உட்காரவைத்துச் சொன்னார். அந்த ஒரு மாதம் ஆபரேஷனில் உங்கள் இடது மார்பை எடுத்திருக்கிறார்கள். பிறகு கை வீங்கி, வாட்ச் பட்டை போதாமல் போயிருக்கிறது. "அவங்களும் என்னய மாதிரி மறைக்கிறாங்கடி, கண்டுபிடிச்சு டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போன்னு அக்கா கடைசி வரைக்கும் சொல்லிக்கிட்டே இருந்துச்சு. எனக்குத்தான் உங்க பேரு கூடத் தெரியல" என்றார்.

எனக்கு ஒன்றுமில்லை. உங்களைப் போல இருக்க ஆசைப்பட்டேன், அவ்வளவுதான். வெட்கத்தை விட்டு அன்றைக்கே இதைச் சொல்லியிருந்தால், உங்கள் வலியோடு என் கவலையையும் நீங்கள் சுமந்திருக்க மாட்டீர்கள். உங்கள் கொசுவ மடிப்பை எண்ணத் தெரிந்த எனக்கு, அந்தக் கையைப் பார்க்கத் தெரியவில்லை.

இப்போது ரயிலில் ஒருத்தி புடவை கட்டும் விதத்தை மாற்றிக்கொண்டு வந்தால், அழகாக இருக்கிறது என்பதோடு நிறுத்த முடிவதில்லை. உடம்பு நன்றாக இருக்கிறதா என்று கேட்டுவிடுகிறேன். சிலர் முறைக்கிறார்கள். போன வாரம் ஒருத்தி கேட்டதும் அழுதுவிட்டாள். தஞ்சாவூரில் இறங்கிய பிறகும் அவள் கையை நான் விடவில்லை.