கடலைப் பார்த்த வாசல்கள்

நேற்று மாலை மகள் கல்லூரியிலிருந்து ஒரு வினாத்தாளோடு வந்தாள். பொது நிர்வாகப் பாடம். கடைசிக் கேள்வி, நிர்வாகத்தில் கவிக் கற்பனைக்கு இடம் உண்டா என்பது. "இல்லைன்னு எழுதிட்டு வந்துட்டேன்ப்பா" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்தது. நண்பா, நீ போய்ச் சேர்ந்து ஒரு வருஷம் ஆகப்போகிறது. இந்தக் கேள்வியைப் பார்க்க நீ இருந்திருக்கலாம்.

அவளை உட்காரவைத்து ஜெகதாப்பட்டினத்துக் கதையைச் சொன்னேன்.

புயலில் குடிசை இழந்த மீனவர்களுக்கு வீடு கட்ட உத்தரவு வந்திருந்தது. நீ ரெவின்யூ இன்ஸ்பெக்டர், நான் ஓவர்சியர். மேட்டு நிலத்தில் வரிசையாக வீடுகள், வாசலெல்லாம் ரோட்டைப் பார்த்து என்று நான் போட்ட படத்தில் ஆபீஸில் எல்லோருக்கும் திருப்தி. நீ மட்டும் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாய்.

"காத்து கெளம்பிருச்சு, புருசன் கடலுக்குள்ள இருக்கான். இவ வாசல்ல வந்து நின்னா ரோடுதானப்பா தெரியும்?" என்றாய்.

"நீ எப்ப மீன்காரன் பொண்டாட்டி ஆனே?"

"இப்பத்தான். ஒன் படத்தைப் பார்த்தப்ப."

அதையே குறிப்பாக எழுதி மேலே அனுப்பிவிட்டாய். அதிகாரி நம் இருவரையும் கூப்பிட்டார். "இது ஆபீஸ் நோட்டா, கவிதையா?" என்று கேட்டார். உனக்கு மாற்றல் நிச்சயம் என்று நினைத்தேன். உன் மனைவிக்கு அது நிறைமாதம் வேறு. நீ நிதானமாகச் சொன்னாய்: "வீடு எத்தனை அடின்னு விதியில இருக்குங்க சார். அதுல யாரு இருக்கப்போறாங்கன்னு நாமதான் நினைச்சுப் பார்க்கணும். ஒரு தடவை கரைக்கு வாங்க."

வந்தார். படகுகள் திரும்பத் தாமதமான ஒரு சாயங்காலம் அது. கரை நெடுகப் பெண்கள் நின்றார்கள். பக்கத்தில் நின்றவளிடம், "புது வீடு வசதியா இருக்குமில்ல?" என்று கேட்டார். அவள் கடலிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "இருக்கும்ங்க. படகு வருதான்னு பார்க்கத்தான் இங்கிட்டு ஓடியாரணும்" என்றாள்.

கடைசிப் படகு கரை சேரும்வரை அவரும் நின்றார். ஜீப்பில் ஏறியதும் என்னிடம், "வாசலைத் திருப்பிப் போடுங்க" என்றார். அவ்வளவுதான்.

பால் காய்ச்சிய அன்று நாம் போயிருந்தோம். ஒவ்வொரு வாசலிலும் யாராவது உட்கார்ந்து கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நீ எழுதிய கவிதை ஒன்றுகூட எந்தப் பத்திரிகையிலும் வந்ததில்லை. அன்று அந்த வரிசையைப் பார்த்து, "இது அச்சாயிருச்சுப்பா" என்றாய்.

இப்போது பொன்னமராவதி ஆஸ்பத்திரிக்குப் படம் போடுகிறேன். சீட்டு கொடுக்கும் ஜன்னலைக் குறித்ததும் கை நின்றுவிட்டது. காய்ச்சல் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு சித்திரை வெயிலில் ஒருத்தி நிற்கிறாள். நான் பார்த்தே இராத ஒருத்தி. இன்று காலை அவள் தலைக்கு மேல் வரும்படி கூரையை நீட்டி வரைந்துவிட்டேன். மேலே கேள்வி கேட்பார்கள். கேட்கட்டும், பதில் சொல்ல எனக்குத் தெரியும்.