நிற்காத ஒன்பதுகள்

என் மகளுக்கு,

ஆஸ்பத்திரியில் நர்ஸ், "இவங்க உங்க அம்மாவா?" என்று கேட்டாள். "இல்ல, சின்னம்மா" என்றாய். நான் தூங்கவில்லை, கண்ணை மூடிக்கொண்டுதான் கிடந்தேன். இந்தக் காது எதையும் விடாது.

பெற்றவள் எட்டு மாதத்தில் உன்னை விட்டுப் போனாள். அதற்குப் பிறகு நாற்பத்தொரு வருடம் நான்தான். ஆனால் நீ தினமும் முந்தானையால் துடைப்பது அவள் போட்டோவை. செத்தவள் மேல் பொறாமையா என்று சிரிப்பாய். ஆமாம், பொறாமைதான். அவளுக்கு வயசும் ஆகாது, என்னைப் போலக் கத்தவும் மாட்டாள்.

நேற்று உன் மகள் இங்கே வந்து கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"புள்ளி வச்சு ஒன்பது ஒன்பதா முடிவே இல்லாம போட்டா, அது முழுசா ஒண்ணுதான் பாட்டி."

"போடி, துளியாவது குறையாதா?"

"எங்கயாவது நின்னாத்தான் குறையும். இது நிக்கவே நிக்காதே!"

உன்னைப் பெற்றவள் முழு ஒன்று. நான் புள்ளிக்குப் பின்னால் வந்தவள், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பால் புட்டியிலிருந்து உன் பிரசவம் வரைக்கும் யோசித்துப் பார். நான் எங்கேயாவது நின்றேனா?

இப்படிக்கு,
அதை மட்டும் நீயே எழுதிக்கொள். ‘சின்ன’ வேண்டாம்.