செஞ்சி மலைக்குப் பனி ஏது?

மேல்சித்தாமூர்
22-4-1961

சிரஞ்சீவி ஜீவகனுக்கு அப்பா எழுதுவது. ஜினேந்திரர் அருளால் நானும் அம்மாவும் சௌக்கியம், பம்பாயில் நீயும் அப்படியே இருக்க வேண்டும். நீ அனுப்பிய செஞ்சி மலைப் படம் வந்தது. டிராப்ட்ஸ்மேன் வேலையை விட்டுவிட்டு இனிமேல் படந்தான் போடப் போகிறேன், சம்மதம் கொடுங்கள் என்று எழுதி, இதையே சாட்சியாக அனுப்பியிருக்கிறாய். இது என்னடா படம்? பதினைந்து வருஷமாக இந்த மலைகளை அளக்கிறவன் நான், எனக்கு ஐம்பதுகூட ஆகவில்லை, கண் நன்றாகத் தெரிகிறது. மூலையில் சித்திரை மாலை என்று எழுதிவிட்டு, முன்னால் நம் ஊர்க் கூரைகளைப் போட்டு, மலையடி முழுக்கப் பனியைப் பூசியிருக்கிறாய். பாறை கொதிக்கிற சித்திரையில் செஞ்சி மலைக்குப் பனி ஏது? மலை தரையைத் தொடாமல் அந்தரத்தில் நிற்கிறது. திண்டிவனம் சர்வே ஆபீசில் காட்டினால் கூட வேலை பார்க்கிற இருதயராஜ், இன்னா சார், மலைக்குக் குளிர்காய்ச்சலா, வேட்டியைப் போத்திக்கினு நிக்குது என்கிறான். என் மானம் போயிற்று.

முடியாது என்று பதில் எழுத உட்கார்ந்தேன். உன் அம்மா எட்டிப் பார்த்து, பனி இல்லீங்க, அது அடுப்புப் புகை, நாம ஜைனருங்க, பொழுது சாயறதுக்குள்ள சாப்பிடணும்னு ஊரே ஒரே நேரத்துல உலை வெச்சா அப்படித்தான் நிக்கும், சோத்துக்கு ஜல்தியா ஓடியாறீங்க, என்னிக்காவது நின்னு பாத்தீங்களா என்றாள். மறுநாள் அந்த நேரத்துக்கு ஏரிக்கரையில் போய் நின்றேன். மலையடி தெரியவில்லை. சரி, அதில் உன் கட்சி ஜெயித்தது. ஆனால் எல்லாக் கூரைமேலும் புகை போட்டவன் நம் வீட்டை மட்டும் ஏன் விட்டாய் என்று மறுபடி கோபம் வந்து கத்தினேன். அம்மா படத்தை வாங்கி நம் வீட்டுக் கூரைமேல் விரலை வைத்தாள். பிறகு, இது அவன் பம்பாய்க்குப் பொறப்பட்ட அன்னிக்குப் பாத்ததுங்க, புள்ளைக்கு மத்தியானம் கட்டுச்சோறு கட்டினதோட சரி, சாயங்காலம் நான் அடுப்பு மூட்டல என்றாள். உன்னைத் திண்டிவனத்தில் ரயிலேற்றிவிட்டு நான் திரும்பும்போது நடுராத்திரி ஆகிவிட்டது, சாப்பாட்டு நேரம் போய்விட்டதால் நான் அடுப்பங்கரைப் பக்கமே போகாமல் படுத்துவிட்டேன். இரண்டு வருஷமாக எனக்குத் தெரியாது. அன்றைக்குச் சாயங்காலம் மாட்டு வண்டியில் நீ என் பக்கத்தில் உட்கார்ந்து திரும்பித் திரும்பிப் பார்த்தாய், முன்னால பாருடா என்று அதட்டினது நான்தான்.

வேலையை விடு. ஆனால் மலையின் வலப்பக்கச் சரிவு தப்பு, அதை நான் அளந்திருக்கிறேன், விடமாட்டேன், நேரில் வந்து திருத்து. உடம்பைப் பார்த்துக்கொள், தீர்க்காயுசாக இரு. பொழுது சாய்வதற்குள் வீடு வந்து சேரும்படியான ரயிலாகப் பார்த்து ஏறு. அன்றைக்கு அடுப்பு எரியும்.

இப்படிக்கு
உன் அப்பா
ஜினதாஸ்