டேப் ஒட்டிய பொத்தான்

அன்புத் தம்பிக்கு அக்கா எழுதுவது. இங்கே எல்லோரும் நன்றாக இருக்கிறோம். நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்கத்தான் பேனாவை எடுத்தேன். கேட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வாய் என்று தெரியும், அதனால் கேட்கவில்லை.

போன் செய்தால் உன் மனைவிதான் எடுக்கிறாள். “இப்பதான் கண்ண மூடுனாரு, அண்ணி” என்கிறாள். காலையில் கூப்பிட்டாலும் அதே பதில், சாயங்காலம் கூப்பிட்டாலும் அதே பதில். பாவம், அவளுக்குப் பொய் சொல்லவே வரவில்லை. நீ பக்கத்தில் உட்கார்ந்து வேண்டாம் வேண்டாம் என்று கையாட்டுவது எனக்கு இங்கிருந்தே தெரிகிறது. பக்கவாதம் வந்து ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பிய பிறகு உன் குரலை நான் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. பேச்சு குழறுவதை அக்கா கேட்டுவிடக் கூடாதாம். நான் என்ன வெளியாளா?

கைக்குப் பயிற்சி கொடுக்க வரும் பெண் பிடித்து அமுக்கச் சொன்ன ரப்பர் பந்தை நீ அலமாரிமேல் வீசி எறிந்த கதையும் வந்து சேர்ந்தது. எந்தக் கையால் எறிந்தான் என்று ஆசையாகக் கேட்டேன். இடது கையாம். வலது கை விரல்களை இப்போது அசைக்காமல் விட்டால் பிறகு மடங்கியபடியே நின்றுவிடும் என்று டாக்டர் சொன்னாராமே. அதைக் கேட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

சரி, திட்டுவதற்காக இதை எழுதவில்லை. நல்ல செய்தி ஒன்று இருக்கிறது.

போன வாரம் உன் அத்தான் பரணைச் சுத்தம் செய்கிறேன் என்று எல்லாவற்றையும் கீழே இறக்கிப் போட்டுவிட்டு, இடுப்பு வலிக்கிறது என்று படுத்துவிட்டார். மிச்சம் என் தலையில். அந்தக் குப்பையில், சின்ன வயதில் வீட்டுக் கம்ப்யூட்டரில் நாம் ஆடிய படகு விளையாட்டு இருந்த ஃபிளாப்பி கிடைத்தது. மேலே உன் கோணல் எழுத்தில் ‘தொட்டால் உதை’ என்று எழுதியிருந்தது. தொட்டேன். உதைக்கத்தான் நீ இல்லை.

அதை உன் கூட்டாளி தவளையிடம் எடுத்துக்கொண்டு போனேன். இப்போது அவன் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை முதலாளி. தொப்பை வந்திருக்கிறது, அந்தப் பட்டப்பெயரை வாங்கித் தந்த தொண்டை மட்டும் அப்படியே இருக்கிறது. ஃபிளாப்பியைப் படிக்கிற பழைய டிரைவ் ஒன்றை எங்கிருந்தோ தேடி எடுத்து, தூசி தட்டி, உள்ளே இருந்ததையெல்லாம் நகல் எடுத்துவிட்டான். ஆனால் இந்தக் காலத்துக் கம்ப்யூட்டர் அதை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. அதற்கு எமுலேட்டர் என்று ஒரு மென்பொருள் வேண்டுமாம். புதுக் கம்ப்யூட்டருக்குள் உட்கார்ந்துகொண்டு பழைய கம்ப்யூட்டர் மாதிரியே நடிக்குமாம். நன்றாக நடிக்கட்டும் என்றேன்.

என் ஜெராக்ஸ் கடைக் கம்ப்யூட்டரில்தான் போட்டுப் பார்த்தோம். கறுப்புத் திரையில் தவளை ஏதோ தட்டினான். ஆறு வந்தது, படகு வந்தது, நான் விரலை வைப்பதற்குள் படகு பாறையில் மோதி ஆட்டமும் முடிந்துவிட்டது. இந்தக் காலத்து மெஷினின் வேகத்துக்கு அந்தப் படகு பறக்கிறது. கண்ட்ரோல் பொத்தானையும் F11-ஐயும் சேர்த்துத் தட்டித் தட்டி வேகத்தைக் குறைத்தான். பிறகு நிமிர்ந்து, “இதான்க்கா கரெக்ட் ஸ்பீடு” என்றான்.

இல்லவே இல்லை என்றேன். படகு இன்னும் ஓடுகிறது, பாட்டும் ஓடுகிறது. நம் வீட்டில் அந்தப் பாட்டு தாலாட்டு மாதிரி அல்லவா வரும்? நீ அதற்கு, “அக்கா மூக்கு, ஆனை மூக்கு” என்று இழுத்து இழுத்துப் பாடுவாயே. கவிழ்த்துப்போட்ட வாளிமேல் நான், நாற்காலியில் நீ. ஒரு நாளாவது அந்த நாற்காலியை எனக்குக் கொடுத்தாயா? இப்போது கேட்டால் அது துள்ளல் பாட்டு. உன் வரி அதில் உட்காரவே மாட்டேன் என்கிறது.

தவளை தலையைச் சொறிந்தான். அப்புறம் திடீரென்று, “உங்க கம்ப்யூட்டர்ல முன்னாடி ஒரு பட்டன் இருக்குமே, டர்போன்னு?” என்றான். இருந்தது. அப்பா அதன்மேல் டேப் ஒட்டி வைத்திருந்தார், நினைவிருக்கிறதா? அதை அழுத்தினால் மெஷின் சூடாகித் தீப்பிடித்துவிடும் என்று அலுவலகத்தில் யாரோ அவரிடம் சொல்லியிருந்தார்கள். டேப் உரிந்தால் அன்றைக்கே புது டேப் ஒட்டுவார். அதுதான் வேகத்துக்கான பொத்தானாம். அது உள்ளே போனால்தான் கம்ப்யூட்டர் முழு வேகத்தில் ஓடுமாம். நம் சின்ன வயது முழுக்க நாம் பாதி வேகத்தில்தான் ஆடியிருக்கிறோம்! நானும் தவளையும் சிரித்த சிரிப்பில், நகல் எடுக்க வந்தவர் தன் காகிதத்தைப் பார்த்துத்தான் சிரிக்கிறோமோ என்று கோபித்துக்கொண்டார்.

சிரித்து முடித்தபின் கண் கலங்கிவிட்டது. அப்பா இருந்திருந்தால் இதைச் சொல்லிச் சொல்லியே அவரை ஒரு வழி பண்ணியிருப்போம்.

சரியான வேகமெல்லாம் எனக்கு வேண்டாம், எங்கள் வீட்டு வேகத்துக்குக் கொண்டு வா என்றேன். அவன் தட்டித் தட்டிக் குறைத்தான், நான் கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன். “அக்கா மூக்கு” பாட்டில் உட்கார்ந்ததும் நிறுத்து என்று கத்தினேன். அந்த அளவிலேயே பதிந்து வைத்து, உன் மனைவிக்கு அனுப்பியிருக்கிறான். ஒரு படத்தைச் சொடுக்கினால் போதும், மற்றதெல்லாம் தானாக நடக்கும்.

இரண்டே பொத்தான்கள்தான், இடம், வலம். இரண்டும் கீபோர்டின் வலது ஓரத்தில் இருக்கின்றன. வலது கையாலேயே ஆடு. விரல் மெதுவாகத்தான் வரும், வரட்டும். பாறைக்கு ஒன்றும் அவசரமில்லை, நீ திரும்புகிறவரை காத்திருக்கும். மோதினால் என்ன? நாம் மோதாத பாறையா? கள்ளத்தனமாக இடது கையை நீட்டினால் உடனே எனக்குத் தகவல் கொடுக்க உன் வீட்டிலேயே ஆள் வைத்திருக்கிறேன், மறந்துவிடாதே.

இன்னொன்று. ஞாயிற்றுக்கிழமை காலையில் கூப்பிடுவேன். நீயே எடு. குழறினால் குழறட்டும். நீ பேசப் பழகிய நாட்களில் நீ சொன்னது ஒன்றும் அம்மாவுக்குப் புரியாது, அப்பாவுக்கும் புரியாது. “என்னடி சொல்றான் இவன்?” என்று என்னைத்தான் கூப்பிட்டுக் கேட்பார்கள். தண்ணீர் கேட்கிறான், தூக்கச் சொல்கிறான், பூனையைக் காட்டுகிறான் என்று நான்தான் எடுத்துச் சொல்வேன். எனக்கு எப்போதும் புரிந்தது. இப்போதும் புரியும். பேசுடா, தம்பி.

நீ நூறு வயது நன்றாக இருக்க வேண்டும் என்று தினமும் வேண்டிக்கொண்டிருக்கும்,
உன் அக்கா